இழுவை

செவஸ்தியின் மேசை இழுப்பறை
பாதி வந்து நின்றுவிட்டது.
உப்புக்காற்றில் ஊதிப்போன சைப்ரஸ் பலகை.
உளியும் மெழுகுக் கட்டியுமாக நான் போயிருந்தேன்,
கலிம்னோஸ் துறைமுகத்துக்கு மேலே
நூற்றிப் பன்னிரண்டு படிகள் ஏறி.

உள்ளே என்ன, என்றேன்.
கடல், என்றாள்.
அவசரப்படாதே.

எங்கள் பாஷையில் அந்த அறைக்குப் பெயர் வந்ததும்
தெற்கே ஆப்பிரிக்கக் கரையோரம்
கப்பல் தின்னும் மணல்திட்டுக்குப் பெயர் வந்ததும்
ஒரே வினையிலிருந்து:
இழு.
சிர்த்திஸ் என்றார்கள் பழையவர்கள்.
எங்கள் தெருக்காரர்கள் அதைச் சொல்லும்போது
பக்கத்தில் எந்த மரம் இருந்தாலும்
ஒருமுறை தொட்டுக்கொள்வார்கள்.

பாறை என்றால் ஒரே அடி, முடிந்தது.
மணல் அப்படியில்லை,
காலைப் பிடிக்கும்.
கரையே தெரியாத நடுக்கடலில்
முழங்கால் தண்ணீரில் உன்னை நிற்க வைக்கும்.

பொத்தித்தோஸ் அப்படித்தான் நின்றான்.
ஈஸ்டர் கழிந்து கடற்பஞ்சு குளிக்கப் போன படகு
காபெஸ் வளைகுடாவில் ஓதம் வற்றியதும்
ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது,
மனம் மாறிய கழுதைபோல.
ஒன்பது பேர். பீப்பாயில் பாதித் தண்ணீர்.
உதவி தேடி நடக்கச் சீட்டுப் போட்டார்கள்,
இவன் பெயர் வந்தது.

கடலுக்கு நடுவில் நடக்கப் போனேன் என்று
யாரிடம் சொல்ல முடியும்?

நூறு அடியில் இடது கால் இறங்கியது.
தூக்கினான், வலது கால் இறங்கியது.
தூக்கத் தூக்க இறங்கியது, தொடைவரை.
வானமும் நீரும் ஒட்டிய இடத்தில்
பென்சில் கோடாய் ஓதம் திரும்பிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு பெண்.
உடுப்பை இடுப்பில் செருகி
அரிவாளால் மணலைக் கீறி மட்டி பொறுக்கிக்கொண்டு,
கொல்லையில் கீரை பறிக்கிறவள்போல.
தஹபியா. பெயரை
ஸ்ஃபாக்ஸ் சந்தையில் பிறகுதான் கேட்டறிந்தான்.
முதலில் சிரித்தாளாம்.
அப்புறம் குனிந்து தன் காலைக் காட்டினாளாம்.
தூக்காதே. பாதத்தைப் படுக்கப் போடு.
இழு.

அவள் சொன்ன அரபு அவனுக்கு விளங்கவில்லை.
குதிகால் மணலில் போட்ட நீளக் கோடு
விளங்கியது.

அவர்கள் பக்கத்தில்
அந்தத் திட்டுக்குப் பயங்கரமான பெயர் கிடையாதாம்.
சில்லறைப் பெயர்கள்தான்.
இரண்டுகூடைப் பள்ளம்.
ஹமீதா வழுக்கின இடம்.

ஒன்பது பேரும் திரும்பினார்கள்.
படகு மட்டும் அங்கேயே.

மூன்றாம் கோடையில், வேறொரு படகில்,
முப்பது பாக ஆழத்திலிருந்து அவனை
வேகமாக மேலே இழுத்துவிட்டார்கள்.
இடது கால் இழுத்துக்கொண்டது.
துறைமுகத்தில் அப்படி எத்தனையோ பேர்.
தடி ஊன்றி, விழுந்து, திட்டி,
ஒரு குளிர்காலம் முழுக்கப் பழகுவார்கள்.
இவனோ பலகையிலிருந்து இறங்கி
ஊரே பார்க்க, ஒரு கோடு போட்டபடி,
படிகளின் அடிவரை நடந்து வந்தான்.
அங்கே உட்கார்ந்தான்.
படிக்கு மட்டும் அவள் சொல்லித்தரவில்லை, என்றான்.
செவஸ்திக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.
மச்சினர்கள் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள்.

போன பிப்ரவரியில்
மூன்று நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான்.
அவள் பக்கத்தில் உட்கார்ந்து
மேசை இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினாளாம்,
வேறு வேலை தோன்றாமல்.
மூன்றாம் நாள் அது சிக்கிக்கொண்டது.

விளிம்பைச் செதுக்கி, மெழுகு பூசி,
கைப்பிடியைப் பிடித்து நெம்பினேன். வரவில்லை.
தூக்காதே, என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

வந்தது.
வரி ரசீதுகள், பாதி மெழுகுவத்தி,
வாய் மூடிய ஒரு மட்டி,
மூலையில் கொஞ்சம் மணல்.

மூன்று திராக்மா கேட்டேன்.
இரண்டுதான் தந்தாள்.
மணலைத் தட்டிவிடப் போன என் கையைப்
பிடித்து நிறுத்தினாள்.